எடியாகரா மணற்பாறையைப் படிப்பது எப்படி: அடிமுகத்திலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

தென் ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடரில் ரான்ஸ்லி குவார்ட்சைட் என்ற மணற்பாறைத் தொகுதி இருக்கிறது. அதற்குள் எடியாகரா உறுப்பு என்று ஒரு பகுதி. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வாழ்ந்த உயிர்களின் பதிவுகள் அதில் கிடக்கின்றன. ஓடு கிடையாது, எலும்பு கிடையாது, பல் கிடையாது. மென்மையான உடல்கள் மணலில் விட்டுப்போன மேடும் குழியும் மட்டும்தான்.

இதனால்தான் புதிதாகப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். நூறு பதிவுகள் இருக்கும் கற்பலகையின் முன்னால் நின்றுகொண்டு "வெறும் கல்தானே" என்பார்கள். இரண்டு பலகை தள்ளி, வெயிலில் வெடித்த ஒரு வட்டத்தைக் காட்டி "இதோ ஜெல்லி மீன்" என்பார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: பாறையைப் படிக்கும் முன்பே உயிரைத் தேடத் தொடங்குவது. அடுக்கு, முகம், நுண்ணுயிர்ப் பாய், வெளிச்சம், மேடு-குழி, அதற்கெல்லாம் பிறகு வடிவம். இந்த வரிசை மாறாமல் போனால் கண் தானாகப் பழகிவிடும்.

இங்கே சொல்லும் முறை ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடருக்கும் ரஷ்யாவின் வெண்கடல் கரைக்கும் பொருந்தும். கனடாவின் மிஸ்டேக்கன் பாயிண்டில் கதை வேறு. அங்கே உயிர்களை மூடியது எரிமலைச் சாம்பல். அதனால் பதிவுகள் அடுக்கின் மேல்முகத்தில் இருக்கின்றன. அந்தப் படங்களைப் பார்த்துப் பழகிவிட்டு இங்கே வருபவர்கள் தவறான முகத்தில் தேடுகிறார்கள்.

1. எங்கே, எப்போது, எந்த வரிசையில்

மூன்று இடங்கள் போதும். வரிசை முக்கியம்.

முதலில் அடிலெய்டு நகரில் நார்த் டெரஸ் சாலையில் இருக்கும் தென் ஆஸ்திரேலிய அருங்காட்சியகம். அங்கே நல்ல மாதிரிகள் சாய்வான வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. எதைத் தேடப்போகிறோம் என்பது கண்ணுக்குப் பதிய வேண்டிய இடம் இதுதான். இதைத் தவிர்த்துவிட்டு நேரே மலைக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது, இகாரா-ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடர் தேசியப் பூங்காவில் பிராச்சினா பள்ளத்தாக்கின் புவியியல் பாதை. ஏறக்குறைய 20 கி.மீ. நீளம், காரில் போகலாம், வழிநெடுக விளக்கப் பலகைகள் உண்டு. எந்தப் பாறைக்கு மேல் எந்தப் பாறை என்பது இங்கே புரியும்.

மூன்றாவது, பாரச்சில்னா ஊருக்கு அருகே இருக்கும் நில்பீனா எடியாகரா தேசியப் பூங்கா. 2023-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். முன்பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். ஆய்வாளர்கள் பல அடுக்குகளைத் துண்டு துண்டாகப் பெயர்த்து, கவிழ்த்து, பழைய இடத்தொடர்பு மாறாமல் தரையில் பொருத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு கடலடித் தளத்தையே முழுசாகப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

பருவம்: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. கோடையில் வெப்பம் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. ஜூன், ஜூலையில் இந்த இடத்தில் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து சுமார் 35 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். டிசம்பரில் அது 80 டிகிரிக்கு மேல், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கே வந்துவிடும். மேடும் குழியும் நிழலால்தான் தெரியும் என்பதால், குளிர்காலத்தில் பார்க்கக் கிடைக்கும் நேரம் நீளமாகிறது.

மழை பெய்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பள்ளத்தாக்குப் பாதை ஓடைப் படுகையைப் பலமுறை கடக்கிறது. மழை வந்தால் மூடிவிடுவார்கள். எரிபொருளையும் குடிநீரையும் ஹாக்கர் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

சுத்தியலும் உளியும் வேண்டாம். பூங்காவுக்குள் கல்லை உடைப்பதும் எடுப்பதும் சட்டப்படி குற்றம். பிறகு எங்கே வாங்கியதாக இருந்தாலும், ஆஸ்திரேலியப் புதைபடிவத்தை அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது.

கொண்டுபோக வேண்டியவை: ஒளியைக் குவித்து அடிக்கும் சிறிய டார்ச், 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சென்டிமீட்டர் அளவுகோல், திசைகாட்டி, கறுப்புக் குடை, நோட்டுப் புத்தகம், பென்சில். செல்போன் கேமரா போதும்.

குடை எதற்கு என்று கேட்பார்கள். நண்பகலில் மேலிருந்து விழும் வெயிலை மறைத்துவிட்டு, டார்ச்சைக் கிடைமட்டமாக அடித்துப் பார்க்கத்தான். இந்த ஒரு பொருளை விட்டுவிட்டுப் போனால் காலை 10 மணிக்கு மேல் பாதிப் பதிவுகள் கண்ணில் படாது.

தண்ணீர் தெளிப்பானை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கல்லை நனைத்தால் நன்றாகத் தெரியும் என்ற பழக்கம் வேறு வகைப் பாறைகளிலிருந்து வந்தது. நனைத்தால் நிற வேறுபாடு கூடும். இங்கே நிற வேறுபாடே இல்லை. ஈரம் கல்லைக் கறுப்பாக்கி, மினுக்கி, நிழலை விழுங்கிவிடும். சாக்பீஸால் ஓரம் வரைவதும் கூடாது. துகள் மணிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டால் அடுத்து வருகிறவர் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பார், படிவத்தை அல்ல.

3. கிளம்பும் முன் வீட்டில் ஒரு பயிற்சி

களிமண்ணைத் தட்டையாகத் தட்டி அதில் ஒரு வேப்பிலைக் கொத்தையும் ஒரு பொத்தானையும் அழுத்தி எடுங்கள். மேலே பிளாஸ்டர் ஊற்றுங்கள். காய்ந்ததும் பிரித்தால் களிமண்ணில் குழி, பிளாஸ்டரில் மேடு.

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, பிளாஸ்டரை டார்ச்சால் முதலில் இடப்பக்கத்திலிருந்தும் பிறகு வலப்பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். மறுநாள் அந்தப் படங்களைத் தலைகீழாகத் திருப்பி வீட்டில் யாரிடமாவது காட்டி "மேடா, குழியா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் தவறாகத்தான் சொல்வார்கள். வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று மூளை தானாக எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. மலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பங்கு இதிலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் வீட்டிலேயே ஒருமுறை அனுபவித்துவிடுவது நல்லது.

4. சரியான அடுக்குக்குப் போய்ச் சேருங்கள்

பிராச்சினா பாதையைக் கிழக்கிலிருந்து மேற்காகப் பாருங்கள். அப்படிப் போனால் பழைய பாறையிலிருந்து புதிய பாறைக்குப் போகிறீர்கள். எதிர்த் திசையில் வந்தால் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்த குழப்பம் மிஞ்சும்.

தொடக்கத்தில் ட்ரெசோனா சுண்ணாம்புப் பாறையும், அதன் மேல் பனியாறுகள் விட்டுப்போன எலடினாவும் வரும். அதற்கு மேல் மெல்லிய வெளிர் டோலமைட் அடுக்கு, நுக்கலீனா. எனோரமா ஓடையில் இதன் அடியில்தான் எடியாகரா காலத்தின் தொடக்கத்தைக் குறிக்கும், உலகம் முழுவதற்குமான எல்லைக்குறி பதிக்கப்பட்டிருக்கிறது. 2004-இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட இந்தக் காலம் 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, சுமார் 53.9 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிகிறது.

இங்கே பலர் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். "எடியாகரா காலம் தொடங்கிவிட்டது, இனி எல்லாப் பாறையிலும் படிவம் இருக்கும்" என்று எண்ணி, அடுத்து வரும் பிராச்சினா, ஏபிசி ரேஞ்ச், புன்யெரூ, வொனோக்கா பாறைகளிலெல்லாம் டிக்கின்சோனியா என்ற நீள்வட்ட உயிரின் பதிவைத் தேடிக் களைத்துப்போவார்கள். நமக்கு வேண்டியது அந்தக் காலத்தின் கடைசிப் பகுதி. சிவந்த நிறத்தில் பானி மணற்பாறை வந்ததும் உஷாராகுங்கள். அதற்கு மேலே, முகடாக நிமிர்ந்து நிற்கும் வெளிர் பாறைதான் ரான்ஸ்லி குவார்ட்சைட். வில்பீனா பவுண்ட் என்ற கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கைச் சுற்றி நிற்கும் மலைச்சுவரும் இதே பாறைதான்.

தாண்டிப் போய்விட்டோமா என்று அறிய ஒரு வழி உண்டு. அடுக்குகளைச் செங்குத்தாகத் துளைத்துக்கொண்டு போகும் வளைகள் தெரிந்தால் நீங்கள் அடுத்த காலமான கேம்பிரியனின் பாரச்சில்னா பாறைக்கு வந்துவிட்டீர்கள். எடியாகரா உயிர்கள் இப்படி ஆழமாகத் தோண்டவில்லை. கடலடி கலைக்கப்படாமல் கிடந்ததால்தான் அந்த மேற்பரப்பே நமக்குப் பிழைத்து வந்திருக்கிறது.

5. எது அடிமுகம், எது மேல்முகம்

வழிகாட்டியின் நெஞ்சுப் பகுதி இதுதான். மெதுவாகப் படியுங்கள்.

புயல் வந்து மணலை அள்ளிக் கடலடியில் கொட்டியது. அங்கே இருந்த உயிர்கள் அந்த மணலுக்கு அடியில் மாட்டிக்கொண்டன. மேலே விழுந்த மணல் அவற்றின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டது. ஆகவே பதிவு இருப்பது மூடிய அடுக்கின் அடிமுகத்தில். இன்று நாம் பார்ப்பது கடலடியை நேராக அல்ல, அதை மூடிய மணலின் உள்பக்கத்தை.

மலைச்சரிவில் உதிர்ந்து கிடக்கும் பலகைகள் எந்தப் பக்கமாகவும் விழுந்திருக்கலாம். அதனால் ஒவ்வொரு பலகைக்கும் முதல் கேள்வி: நான் பார்ப்பது எந்த முகம்?

கண்டுபிடிக்கும் வழிகள் சில. அலை எழுப்பிய சமச்சீரான மணல் வரிகளில் முகடு கூர்மையாகவும் தாழ்வு வளைவாகவும் இருந்தால் அது மேல்முகம். தாழ்வு கூர்மையாகவும் மேடு உருண்டும் இருந்தால் நீங்கள் பார்ப்பது அந்த வரிகளின் வார்ப்பு, அதாவது அடிமுகம். பலகையின் வெட்டுப்பக்கத்தில் சாய்ந்த கோடுகள் தெரிந்தால், அவை எந்தப் பக்கம் திடீரென்று அறுக்கப்பட்டிருக்கின்றனவோ அந்தப் பக்கம் மேல். எந்தப் பக்கம் வளைந்து மெல்லத் தேய்கின்றனவோ அந்தப் பக்கம் கீழ். மணலின் எடையால் கீழே பிதுங்கிய முண்டுகள் இருந்தால் அது அடிமுகம்.

ஒரு அடையாளத்தை மட்டும் நம்பாதீர்கள், இரண்டாவது ஒத்துப்போக வேண்டும். பலகையில் எதுவும் தெரியவில்லை என்றால், அது உடைந்து வந்த தாய்ப்பாறையைப் பக்கத்திலேயே தேடி, அடுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். அதுவும் முடியவில்லை என்றால் நோட்டில் "முகம் தெரியவில்லை" என்றே எழுதுங்கள்.

பூங்காவுக்குள் பலகையை நீங்களாகத் திருப்பக் கூடாது. அடிமுகம் மேலே தெரிய விழுந்து கிடப்பவற்றையே பாருங்கள், அதுவே தாராளம். நில்பீனாவில் எல்லாம் கவிழ்த்து வைத்திருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அங்கே நிற்கும்போதும், காலடியில் இருப்பது ஒரு கூரையின் உள்பக்கம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. பாயைத் தேடுங்கள், உயிரை அப்புறம் பார்க்கலாம்

அந்தக் கடலடி வெறும் மணல் அல்ல. அதன் மேல் நுண்ணுயிர்கள் பின்னிய பாய் ஒன்று படர்ந்திருந்தது. மூடுமணலின் அடிப்பக்கம் சீக்கிரமே இறுகி, உடல் அழுகுவதற்குள் அச்சு கெட்டியானதில் அதற்குப் பெரிய பங்கு. பாயின் மேல் படிந்த இரும்புத் தாது அச்சை இறுக்கியது என்பது ஒரு விளக்கம். கடல்நீரிலிருந்து வந்த சிலிக்கா மணிகளை முன்கூட்டியே ஒட்டவைத்தது என்பது இன்னொரு விளக்கம்.

நமக்கு இதனால் கிடைக்கும் பயன் நேரடியானது. பாய் இருந்த முகத்தில் தோலைப் போன்ற சுருக்கங்களும், புள்ளி புள்ளியான முண்டுகளும், நெளிந்த வலைக்கோடுகளும் தெரியும். யானைத்தோல் அமைப்பு என்றே இதற்குப் பெயர். வழவழப்பான மணல் முகத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். சொரசொரப்பான யானைத்தோல் முகம் கண்ணில் பட்டால் அங்கே உட்கார்ந்துவிடுங்கள்.

புதியவர்கள் இந்தச் சுருக்கங்களைக் கல்லின் தேய்மானம் என்று ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தேய்மானமா, பாயா என்று அறிய ஓரத்தைப் பாருங்கள்: சுருக்கம் மேல் அடுக்குக்குள்ளும் தொடர்ந்து நுழைகிறது என்றால் அது பாய். வெளியே தெரியும் பரப்போடு நின்றுவிட்டால் தேய்மானம்.

7. வெளிச்சத்தைச் சாய்த்து அடியுங்கள்

குடையால் வெயிலை மறையுங்கள். டார்ச்சைக் கல்லின் பரப்புக்கு 10 முதல் 20 டிகிரி சாய்வில், கிட்டத்தட்டக் கல்லோடு படுத்தபடி பிடியுங்கள். அப்படியே பலகையைச் சுற்றி ஒரு முழு வட்டம் வாருங்கள்.

முழு வட்டம் ஏன்? வெளிச்சத்துக்கு இணையாக ஓடும் கோடுகளுக்கு நிழல் விழாது, அவை மறைந்துவிடும். டிக்கின்சோனியாவின் நடுக்கோடு ஒரு திசையில் பளிச்சென்று தெரியும்போது பக்க வரிகள் மங்கும். டார்ச்சைத் திருப்பினால் வரிகள் எழும், நடுக்கோடு போய்விடும். ஒரே பக்கத்திலிருந்து அடித்துப் பார்த்துவிட்டு "வரிகள் இல்லாத வட்டத் தட்டு" என்று எழுதிக்கொண்டு வருபவர்கள் ஏராளம்.

படம் எடுக்கும்போது வெளிச்சம் படத்தின் இடது மேல்மூலையிலிருந்து வரும்படி நில்லுங்கள். புதைபடிவப் படங்களில் வழக்கமான திசை அதுதான், பார்ப்பவர் மேடு-குழியைக் குழப்பிக்கொள்ள மாட்டார். அளவுகோலைப் படிவத்தின் மேல் வைக்காமல் பக்கத்தில் வையுங்கள். அதன் நிழல் விழும் திசையே பிற்பாடு சாட்சி.

8. மேடா, குழியா: இதற்குப் பதில் சொல்லாமல் பெயர் வைக்காதீர்கள்

பணியாரச் சட்டியின் குழியும் அதிலிருந்து எடுத்த பணியாரமும் ஒரே வடிவந்தான், ஒன்று பள்ளம், மற்றது மேடு. அடிமுகத்தில் இந்த இரண்டும் கலந்து கிடக்கும், இரண்டுக்கும் பொருள் வேறு.

கொஞ்சம் உறுதியான உடல் என்றால், மேல் மணல் இறுகும்வரை அது தாக்குப்பிடித்தது. அப்புறம் அழுகியது. அதற்குள் மேல் மணலில் அச்சு உறைந்துவிட்டதால், கீழே இளகியிருந்த மணல் மேலேறி இடத்தை நிரப்பியது. விளைவு: அடிமுகத்தில் குழி. டிக்கின்சோனியா, ட்ரைபிராக்கிடியம், ஸ்ப்ரிகினா, பர்வான்கொரினா எல்லாம் இப்படித்தான் (இவற்றின் வடிவத்தை அடுத்த பகுதியில் பார்ப்போம்).

சீக்கிரம் குலைந்த உடலோ, மணலுக்குள் புதைந்திருந்த பகுதியோ என்றால், மேல் மணல் கெட்டியாகும் முன்பே இடம் காலியாகி, மேல் மணல் உள்ளே இறங்கியது. விளைவு: அடிமுகத்தில் மேடு. அஸ்பிடெல்லா என்று அழைக்கப்படும் வட்டத் தட்டுகள் இந்த வகை. இலைபோல நிமிர்ந்து நின்ற உயிர்கள் கடலடியைப் பற்றிக்கொண்டிருந்த அடித்தட்டுகள் அவை.

இந்த வேறுபாடு உதவும் ஓர் அழகான இடம் உண்டு. சில அடுக்குகளில், ஒரே அளவுள்ள மங்கலான நீள்வட்டங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசை பிடித்திருக்கும். அவை அடிமுகத்தில் மேடாக இருக்கும். வரிசையின் முடிவில் சில நேரம் டிக்கின்சோனியாவின் உடல் குழியாகக் கிடக்கும். அந்த மேடுகள் அது பாயின் மேல் உட்கார்ந்து உண்டுவிட்டு நகர்ந்த இடங்கள். பாய் அங்கே தாழ்ந்ததால் மேல் மணல் அதற்குள் இறங்கி மேடாகிவிட்டது. மேடு-குழி பார்க்காதவர் இதை "ஐந்து டிக்கின்சோனியா" என்று எண்ணிவிடுவார். பார்த்தவருக்கு அது ஒரே உயிரின் நடமாட்டம்.

9. இப்போது வடிவத்துக்கு வாருங்கள்

டிக்கின்சோனியாவிலிருந்து தொடங்குங்கள். நீள்வட்ட வெளிக்கோடு, நடுவே ஓடும் கோடு, அதிலிருந்து இருபுறமும் விரியும் மெல்லிய அலகுகள். ஒரு முனையில் அலகுகள் அகலம், மறுமுனையில் நெருக்கம். நில்பீனாவில் சில மில்லிமீட்டர் அளவுள்ளவையும் உண்டு. மிகப் பெரியவை ஒரு மீட்டரைத் தாண்டும். ஓரம் மடிந்தோ தூக்கப்பட்டோ கிடப்பவற்றைத் தவறவிடாதீர்கள். நீரோட்டம் புரட்டியும் கிழியாமல் தாங்கியிருக்கிறது என்றால் உடல் எவ்வளவு நெகிழ்வானது என்பது அதில் தெரிகிறது. இதை விலங்கு என்று சொல்ல வலுவான சான்று 2018-இல் வந்தது. வெண்கடல் பகுதி மாதிரிகளில் மிச்சமிருந்த கரிமப் படலத்தில் கொலஸ்ட்ரால் வகை மூலக்கூறுகள் கிடைத்தன. ஃப்ளிண்டர்ஸ் மணற்பாறையில் அப்படி எதுவும் மிஞ்சவில்லை. இங்கே வடிவம் மட்டும்தான் சான்று, அதனால்தான் இத்தனை கவனம்.

அலகுகளை எண்ணும்போது இருபுறமும் தனித்தனியாக எண்ணுங்கள். நடுக்கோட்டில் அவை நேருக்கு நேர் சேர்கின்றனவா, அரை அலகு தள்ளிச் சேர்கின்றனவா என்றும் பாருங்கள். வடிவத்தை மட்டும் வரைந்துவிட்டு இதை விட்டுவிடாதீர்கள்.

ட்ரைபிராக்கிடியத்தை அடையாளம் காண்பது எளிது: சில சென்டிமீட்டர் வட்டத்துக்குள் வளைந்த மூன்று கரங்கள். ஐந்து பிரிவு கொண்ட மிகச் சிறிய தட்டு என்றால் ஆர்க்கருவாவாக இருக்கலாம், கைலென்ஸ் வேண்டும். பர்வான்கொரினா நங்கூரம் போன்ற கோடு கொண்ட சிறு கேடயம். ஸ்ப்ரிகினாவுக்குப் பிறை வடிவ முன்முனையும் குறுகிக்கொண்டே போகும் துண்டுகளும் உண்டு. ஃபனிசியா கயிறு போன்ற குழாய்கள். தனியாகத் தேடாதீர்கள், கூட்டமாகத்தான் கிடக்கும்.

கிம்பரெல்லாவை அதன் உடலைவிட அருகில் இருக்கும் விசிறி போன்ற கீறல் கூட்டத்தால் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். பாயைச் சுரண்டி உண்டதன் தடம் அது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் நெளிந்து போகும் வரப்பு வைத்த தடங்களையும் பாருங்கள். 2020-இல் விவரிக்கப்பட்ட இகாரியா என்ற, 2 முதல் 7 மி.மீ. நீளமுள்ள, முன்பக்கம் பின்பக்கம் வேறுபாடு உள்ள உயிர் இவற்றைப் போட்டிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஒரே ஒரு உருவம் கிடைத்தால் பெயர் சொல்ல அவசரப்படாதீர்கள். அதே முகத்தில் இன்னொன்றைத் தேடுங்கள். உயிர்கள் பல அளவுகளில், ஒரே மேடு-குழி ஒழுங்கில் இருக்கும். தற்செயலான கறைக்கு அந்த ஒழுங்கு வராது.

10. போலிகளை எப்படி ஒதுக்குவது

அடிக்கடி ஏமாற்றுபவை: பாசிக்காளான் வளர்ந்த வட்டங்கள், இரும்பு ஊறிய வளையங்கள், மரக்கிளை போன்ற மாங்கனீசுக் கறை, வாயு எழுப்பிய குமிழ்கள், நீரோட்டம் இழுத்த பொருள் கீறிய கோடுகள். நிறத்தால் மட்டும் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். டார்ச்சைச் சுற்றியபோது நிழல் மாறவில்லை என்றால் அது நிறம், படிவம் அல்ல. பிறகு கைலென்ஸ் வைத்து மணல்மணிகளைப் பாருங்கள். உருவத்தின் உள்ளேயும் வெளியேயும் அதே மணிகள் தொடர்ந்து ஓட வேண்டும்.

இந்தச் சோதனையின் மதிப்பைக் காட்ட மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா போதும். ஓவியக் குகைகளுக்குப் பேர்போன அந்த இடத்தில், ஆடிட்டோரியம் குகையின் மணற்பாறைச் சுவரில் கைக்கு எட்டாத உயரத்தில் தெரிந்த உருவத்தை டிக்கின்சோனியா என்று 2021-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை அறிவித்தது. 40 செ.மீ.-க்கும் மேல் நீளம், நடுக்கோடு, இருபுறமும் வரிகள். படத்தில் பார்த்தால் யாருக்கும் நம்பத் தோன்றும். இதை வைத்து விந்தியப் பாறைத் தொகுதியின் மேல்பகுதி சுமார் 55 கோடி ஆண்டு வயதுடையது என்று வாதிடப்பட்டது.

புவியியலாளர் ஜோசப் மீர்ட் தலைமையிலான குழு பிறகு நேரில் போய்ப் பார்த்தபோது, அந்த உருவம் பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. அது மலைத்தேனீக் கூட்டின் மிச்சம். 2023-இல் இது வெளியானது. முதல் கட்டுரையை எழுதிய கிரெகரி ரெட்டாலக்கும் அதை ஒப்புக்கொண்டார். 55 கோடி ஆண்டுகளைத் தாங்கிய பதிவு இரண்டு மூன்று ஆண்டுகளில் உரியாது.

அந்த உருவத்தின் மேல் நம் வரிசையை ஓட்டிப் பாருங்கள். எந்த முகம்? மேடா, குழியா, அல்லது ஒட்டிய பொருளா? மணல்மணிகள் தொடர்கின்றனவா? பக்கத்தில் இன்னொன்று உண்டா? வடிவம் பற்றிய கேள்வி கடைசியில்தான் வருகிறது. எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் இருந்தது என்பதே அதற்குப் பெயர் வைக்காமல் இருக்கப் போதுமான காரணம்.

11. பதிவு செய்வதும் தெரிவிப்பதும்

நான்கு படங்கள்: தொலைவிலிருந்து பாறையோடு ஒன்று, பலகை முழுவதும் ஒன்று, நேர் மேலிருந்து உருவம் ஒன்று, டார்ச்சை வேறு திசைக்கு மாற்றி இன்னொன்று. நேர் மேலிருந்து எடுக்கும்போது கேமரா கல்லுக்கு இணையாக இருக்கட்டும். சாய்ந்தால் வட்டம் நீள்வட்டமாகி, பிற்பாடு அளவெடுக்க உதவாது. முப்பரிமாணப் படம் உருவாக்க விரும்பினால் ஒவ்வொரு படமும் முந்தையதோடு குறைந்தது பாதிக்கு மேல் ஒட்டும்படி சுற்றிச் சுற்றி எடுங்கள். வெளிச்சத்தை மட்டும் இடையில் மாற்றாதீர்கள்.

நோட்டில், அங்கேயே நின்றுகொண்டு எழுத வேண்டியவை: எந்த முகம், அதற்கு என்ன ஆதாரம், மேடா குழியா, நீளம், அகலம், அலகுகளின் எண்ணிக்கை, பலகை தன் இடத்தில் இருந்ததா உதிர்ந்து கிடந்ததா. அறைக்குத் திரும்பிப் படத்தைப் பார்த்து எழுதலாம் என்று விட்டால், முதலில் தொலைவது மேடா குழியா என்ற விவரம்தான்.

இருப்பிடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். படத்தோடு செல்போன் சேர்த்துவிடும் இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள். இந்த மலையில் பலகைகள் திருடுபோயிருக்கின்றன. பூங்கா அட்ன்யமதன்ஹா மக்களின் பாரம்பரிய நிலம். போக வேண்டாம் என்று குறிப்பிட்ட இடங்களுக்குப் போகாதீர்கள்.

முக்கியமான ஒன்று என்று தோன்றினால், படங்களையும் நோட்டுப் பக்கத்தையும் இருப்பிடத்தையும் தென் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் தொல்லுயிரியல் பிரிவுக்கோ பூங்கா அலுவலருக்கோ அனுப்புங்கள். கடிதத்தில் "டிக்கின்சோனியா கண்டேன்" என்று தொடங்காமல், "அடிமுகத்தில் குழியாக, 6 செ.மீ. நீளத்தில், நடுக்கோட்டோடு" என்று கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். பெயரை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.